நோன்பு மாதத்து அம்மைப்பால்

ஸ்ரீரங்கம்,
8-2-1963

அன்புள்ள கமர்,

உன் சந்து என்று தெரியாமல்தான் போன வாரம் பாலக்கரைக்கு வந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து "அடி வெள்ளை" என்று குரல் வந்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. வெள்ளையம்மாளை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் உண்டு. காலேஜில் இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் இருந்தோம். உன் அத்தா மௌத்தாகி வீட்டுக்குத் தகப்பன் இல்லாமல் போனதும் நீ படிப்பை நிறுத்திக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். பார்த்தும் என்ன, மூன்று சாயங்காலமும் உங்கள் சந்தில் முப்பத்து நான்கு பேருக்கு அம்மைப்பால் கீறியதிலும், உன் வீட்டு நோன்புக் கஞ்சி குடித்ததிலும் பொழுது போய்விட்டது. பேச நினைத்த ஒன்றையும் பேசவில்லை. எனக்குக் காகிதத்தில்தான் வாய் திறக்கும் என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

பெரியம்மை ஒழிப்பு வேலைக்குத் தற்காலிகமாக எடுத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா. இப்போது தைத்தேர்க் கூட்டத்துக்காக எங்களில் நாலு பேரை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பூமா மாமி என்பவர் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை. மாமி நான் தொட்ட தண்ணீரைத் தொடமாட்டார். ஆனால் நான் எழுதுவது, படிப்பது, பெட்டியில் வைப்பது எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தது. முதலில் நான் வந்தது செவ்வாய்க்கிழமை பகலில். சந்துமுனையில் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. வாசல்தோறும் படுதா. குழாயடியில் ஒரு பெண் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு உள்ளே போய்விடக் கூடாது என்று குனிந்து, துப்பி, மறுபடியும் துப்பி, உதட்டை முந்தானையால் ஒற்றிக்கொண்டார். ஒரு சொட்டுத் தண்ணீருக்கே இவ்வளவு என்றால், உடம்புக்குள் மருந்து வைக்க எப்படி விடுவார்கள் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். அதனால்தான் புதன்கிழமை முதல் நோன்பு திறந்த பிறகு வந்தேன். நான் நினைத்தது சரிதானா? தோலில் கீறினால் நோன்பு முறியுமா? இதையெல்லாம் உங்கள் மார்க்கத்தில் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? எனக்கு இது வேலைக்காக மட்டும் இல்லை, தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

இன்னொன்று. உன் கை எப்படி இருக்கிறது? இங்கே திங்கட்கிழமை கீறினவர்களுக்கு இன்றே சிவந்து தடித்திருக்கிறது. உனக்குப் பத்து நாளாகிறது. கொப்புளம் வந்து காய்ச்சல் அடித்ததா?

உன்
வெள்ளை


பாலக்கரை,
11-2-1963

அடி வெள்ளை,

உன் கடிதத்தை நான் வாசிக்கக் கேட்டு என் மச்சி ஜெய்புன்னிசா அரைமணி நேரம் சிரித்தாள். அண்ணன் பெண்டாட்டி. குழாயடியில் நீ பார்த்தது அவளைத்தான். அவளும் உன்னைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மை குத்துற பொண்ணு ஒண்ணு வந்து நின்னுச்சு. நம்ம சந்தைப் பாத்துட்டு, இவங்களுக்கு எதுக்குன்னு போயிடுச்சு போல" என்றாள். நாங்கள் அன்றும் மறுநாளும் பகல் முழுக்கக் கையைக் கழுவி வைத்துக் காத்திருந்தோம். நீ இருட்டும் நேரத்தில் வந்தபோது, சர்க்கார் வேலையில் இதுதான் நேரம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டோம். நீ எங்களுக்காக ஒதுங்கினாய், நாங்கள் உனக்காக ஒதுங்கினோம். கஞ்சி ஆறிப்போனதுதான் மிச்சம்.

உன் கேள்விக்கு வருகிறேன். கீறினால் நோன்பு முறியாது. வாய், மூக்கு மாதிரி திறந்த வழியாக வயிற்றுக்குள் ஒன்று போனால்தான் கணக்கு. தோல் வாசல் இல்லை. நோன்போடு இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டதற்கே ஆதாரம் இருக்கிறது என்று அத்தாவின் அரபுத்தமிழ்ச் சட்ட நூலில் (அரபு எழுத்தில் எழுதின தமிழ்) போட்டிருக்கிறது. அப்படியிருக்க, கையில் நாலு கீறல் எம்மாத்திரம்.

எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்றாயே. ஆயிரம் கேள்விக்கும் அடியில் சில வாக்கியங்கள் தூண் மாதிரி நிற்கும். தீங்கு செய்யாதே, தீங்குக்குத் தீங்கும் செய்யாதே. கஷ்டம் வந்தால் சட்டம் இளகும். நல்லதைத் தேடுவதற்கு முன்னால் கெட்டதைத் தடு. எனக்குப் பிடித்தது இன்னொன்று: உறுதியானதைச் சந்தேகம் அழிக்காது. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுகிறோமே, ஒளூ, அதை வைத்துச் சொல்லுவார் அத்தா. ஒளூ செய்தது உனக்கு நிச்சயம், அது முறிந்ததோ என்று சந்தேகம். அப்படியானால் ஒளூ இருக்கிறது, போய்த் தொழு. மனசு சும்மா கிடந்து அலையாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. உன்னைப் போன்றவர்களுக்கு வாரம் ஒருமுறை கொடுக்கலாம்.

கை கேட்டாயே. ஒன்றுமே இல்லை. எனக்கு மட்டுமில்லை, சந்திலேயே ஒருவருக்கும் இல்லை. கொப்புளம் கிடையாது, காய்ச்சல் கிடையாது, கீறின இடம் தெரியவில்லை. "போன தடவை வந்தவன் ஆட்டுக்குச் சூடு வெச்ச மாதிரி குத்துனான். இந்தப் பொண்ணு கை பூ" என்று ஒவ்வொரு வீட்டிலும் உனக்காகக் கையேந்தித் துஆ கேட்கிறார்கள். பெருநாள் அன்று நீ கட்டாயம் வர வேண்டும். ஜெய்புன் மச்சி உனக்கென்று ஜாக்கெட் துணி எடுத்து வைத்திருக்கிறாள்.

கமர் ஜஹான்


ஸ்ரீரங்கம்,
13-2-1963

கமர்,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மாமி அடுப்பில் போடக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அம்மைப்பால் கீறினால் ஏழெட்டு நாளில் கொப்புளம் வர வேண்டும். காய்ச்சல் அடிக்க வேண்டும். அக்குளில் நெறி கட்ட வேண்டும். பிறகு பொருக்கு விழுந்து தழும்பு நிற்க வேண்டும். முன்னே குத்திக்கொண்டவர்களுக்கும் கொஞ்சமாவது சிவந்து தடிக்கும். ஒரு சந்து முழுக்க ஒரு கையிலும் ஒன்றும் வரவில்லை என்றால் அது கை பூவாக இருந்ததால் இல்லை. மருந்து செத்துப்போயிருந்ததால்.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அது மெல்லிய கண்ணாடிக் குழல்களில் வரும். ஆபீஸ் ஐஸ்பெட்டியில் இருக்கும் வரைதான் உயிர். காலையில் வாங்கி, ஃப்ளாஸ்க்கில் ஐஸ் போட்டு எடுத்துப் போய், மீந்ததை மாலை ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஐந்துக்குப் பிறகு ஆபீஸ் கிடையாது. செவ்வாய்க்கிழமை உங்கள் சந்துமுனையிலிருந்து திரும்பினபோது குழல்கள் அப்படியே இருந்தன. ஸ்டோரில் கோபு சார் என்று ஒருவர். அதற்கு முந்தின வாரம் நான் மீந்ததைக் கொடுத்தபோது, "என்னம்மா, மருந்தை ஊர் சுத்திக் காட்டிட்டு வரீங்களா?" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை மறுபடியும் கேட்க முடியாமல் அன்று நேரே மன்னார்புரத்தில் சித்தி வீட்டுக்குப் போய், குழல்களைத் துணியில் சுற்றித் தண்ணீர்ப் பானைமேல் வைத்தேன். குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அதே குழல்கள். காலையில் போடும் ஐஸ் மூன்று மணிக்கே கரைந்துவிடும். உங்கள் நோன்பு திறக்கும் வரை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியவில்லை. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். நான்தான் முதல் மார்க் வாங்கினேன்.

என்னை மறுபடியும் வரவிடு. பெருநாளைக்குள் எல்லோருக்கும் புதிதாகக் கீற வேண்டும். பெருநாளன்று வெளியூரிலிருந்து வருவார்கள், இங்கிருந்து போவார்கள். எங்கள் அதிகாரியிடம் நாளை சொல்லப் போகிறேன். அவரிடம் வாயால் சொல்ல வேண்டும் என்பதுதான் பயமாக இருக்கிறது.

வெள்ளையம்மாள்


பாலக்கரை,
16-2-1963

வெள்ளையம்மாளுக்கு,

நீ வந்த முதல் சாயங்காலம் ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை என்பதை மறந்துவிட்டாயா? "யாரோ எவளோ" என்றார்கள். நான்தான் படுதாவை விலக்கி வெளியே வந்து, இவள் என் பெஞ்சுக்காரி, பொய் சொல்ல வாய் வராது என்று சொன்னேன். அதன்பேரில்தான் முப்பத்து நான்கு பேர் கையை நீட்டினார்கள். இப்போது நான் ஒவ்வொரு வீடாகப் போய், அது மருந்து இல்லை, பானைமேல் வைத்த தண்ணீர் என்று சொல்ல வேண்டுமா?

சொல்லியும் பார்த்தேன். நாலு வீட்டில். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி, "ரெண்டு தரம் குத்தி ரெண்டாக் கணக்குக் காட்டுறதுக்குப் பாக்குறா" என்றாள். மூன்றாவது வீட்டில் நான் உனக்கு எழுதின வாக்கியத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். பெண்களுக்கு ஓதிக் கொடுக்கும்போது நான்தானே சொல்லிக் கொடுத்தது. "நாங்க குத்திக்கிட்டது நிச்சயம். அவளுக்கு வந்தது சந்தேகம். நிச்சயத்தைச் சந்தேகம் அழிக்குமா?" என்றார்கள். அத்தாவின் நூலில் தேடினேன். அவர்கள் சொல்வதுதான் சரி என்று படுகிறது.

ஜெய்புன் மச்சிக்கு நேற்றிலிருந்து கடும் காய்ச்சல். இடுப்பு விட்டுப் போகிறது என்கிறாள். இம்மாதம் முதல் வாரம் புதுக்கோட்டைக்குத் தாய்வீட்டில் நோன்பு திறக்கப் போய் வந்தாள், அந்த அலைச்சல்தான். அந்த ஜாக்கெட் துணியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

நீ இனி எழுத வேண்டாம்.

கமர் ஜஹான்


ஸ்ரீரங்கம்,
18-2-1963

கமர்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

முதலில் ஜெய்புன் அக்கா. முகத்திலும் முன்னங்கையிலும் சிவப்பாகப் பொரி கண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதே. தனி அறை. அம்மை கண்டு தேறினவர்கள் மட்டும் கிட்டே போகலாம். பொரி கண்டவுடன் சுற்றியிருப்பவர்களுக்கு உயிருள்ள அம்மைப்பால் கீறிவிட்டால் மூன்று நாலு நாளுக்குள் தப்பிக்க வைத்துவிடலாம். அந்த நாலு நாள் தாண்டினால் என் கையில் ஒன்றும் இல்லை. எங்கள் அதிகாரியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஏம்மா, அன்னிக்கே கேட்டிருக்கலாமே" என்றார். வேறு திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இரண்டாவது, உன் வாக்கியம். உன் கடிதம் வந்ததிலிருந்து அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே கை கீறும்போதும் அதே நினைப்பு. நீ ஒளூ செய்தது நிச்சயம், முறிந்தது சந்தேகம் என்று ஒரு பக்கம்தான் எழுதினாய். மறுபக்கம் என்ன? ஒருவர் ஒளூ இல்லாமல் இருந்தது நிச்சயம். பிறகு செய்தோமா என்பது சந்தேகம். அப்போது அவர் போய்த் தொழலாமா? எனக்கு உங்கள் நூல் தெரியாது. ஆனால் உன் வாக்கியம் உண்மையாக இருந்தால், அவர் மறுபடியும் கழுவித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் அவருக்கு நிச்சயமாக இருந்தது இல்லாமைதான்.

உங்கள் சந்தில் இந்த வருஷம் யாருக்கும் பாதுகாப்பு இல்லை என்பது பழைய நிச்சயம். அது போய்விட்டது என்று சொல்ல ஒரு அடையாளம் வேண்டும். அடையாளம் கொப்புளம். ஒரு கையிலும் அது இல்லை. அதனால் நான் கீறினேன் என்பதுதான் சந்தேகம், கமர். நான் சந்தேகம். என்னை வைத்து நிச்சயத்தை அழிக்காதீர்கள்.

தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்து. திருத்துவதற்காகவாவது பதில் எழுது.

வெள்ளை


பாலக்கரை,
19-2-1963

[உறையின் மேல்: பிரிப்பதற்கு முன் சூடான இஸ்திரிப் பெட்டியை இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்க்கவும்.]

வெள்ளை,

நேற்று மாலை பொரி கண்டுவிட்டது. முகம், கை. நீ எழுதினது போலவே. மச்சியை மாடி அறையில் வைத்திருக்கிறோம். என் அம்மா சின்ன வயசிலேயே அம்மை கண்டவள். அவள் மட்டும் உள்ளே போகிறாள்.

உன் கடிதம் இன்று காலை வந்தது. நூலைப் பிரித்தேன். நீ கேட்ட மறுபக்கம் அடுத்த வரியிலேயே இருக்கிறது. இத்தனை வருஷம் வாசித்திருக்கிறேன், எனக்குச் சௌகரியமான வரியோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தைக் கொடுத்து அண்ணனைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அனுப்பினேன். அவரே வந்து தெருவில் நின்று படுதாவுக்கு வெளியிலிருந்து என்னைக் கேட்டார்.

"யாரும்மா அந்தப் பொண்ணைச் சாயங்காலம் வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல ஹஜ்ரத். அவளா நினைச்சுக்கிட்டா. நாங்களா நினைச்சுக்கிட்டோம்."

"பள்ளி இங்கேர்ந்து எத்தனை அடி?"

"நூறு அடி இருக்கும்."

"நூறு அடி நடந்து ஒரு வார்த்தை கேக்காம இருக்கிறதுக்கு மட்டும் மார்க்கத்துல ஒரு மசாயிலும் கிடையாது, ஒரு சட்டமும் கிடையாது" என்றார். உன் ஒளூ வாதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இதை எழுதினது எந்த மதரஸாப் பிள்ளை?" என்று கேட்டாராம். அண்ணன், "திருவெறும்பூர்ப் பக்கம் வீரமலைங்கிறவர் மக" என்றதும் மூன்றாம் தரமும் வாசித்தாராம்.

வா. பகலில் வா. நோன்போடுதான் கையை நீட்டுவோம்.

கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் போகாதே, நீ இருக்கும் ஊரில் வந்தால் விட்டு ஓடாதே என்று எங்களுக்குக் கட்டளை. அப்படியானால் நீ எப்படி வரலாம் என்று கேட்பாய், உன்னை எனக்குத் தெரியும். தீங்கை நீக்க வருகிறவர் அந்தக் கணக்கில் சேரமாட்டார். ஆனால் அவசியத்துக்கு அளவு உண்டு. வேலை முடிந்ததும் கிளம்ப வேண்டும். கஞ்சி கிடையாது.

கமர்


ஸ்ரீரங்கம்,
22-2-1963

அன்புள்ள கமர்,

இரண்டு நாளும் நாம் நேருக்கு நேர் நின்றோம், ஒரு வார்த்தை பேசவில்லை. நீ கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நானும் கீறலைப் பார்த்தபடியே இருந்தேன். ஆனாலும் எனக்கு அது பேசினது போலத்தான் இருந்தது.

எனக்கு மறக்காதது அந்தக் கயிறு. சந்துமுனையில் கட்டின கயிற்றை யாரும் தாண்டவில்லை. அந்தப் பக்கம் ரொட்டிக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு விலகுகிறார், இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து எடுக்கிறார். எங்கள் ஆபீஸில் இதற்குப் போலீஸ் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெய்புன் அக்காவின் தம்பி புதுக்கோட்டையிலிருந்து வண்டி கொண்டுவந்து நின்று, "எங்க அக்காவை எங்க வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்று அழுததும், ஹஜ்ரத் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, "உன் பாசம் அக்காளோட போகும், அவ நோய் உன் ஊரோட போகும்பா" என்று சொன்னதும் நான் கேட்டேன். பெருநாள் தொழுகைக்கு யாரும் பள்ளிக்கு வர வேண்டாம் என்று அவர் சொன்னபோது ஒரு பெரியவர் முணுமுணுத்தார். ஹஜ்ரத் அவரைப் பார்த்து, "பச்சை வெங்காயம் தின்னவனையே வாடையோட பள்ளிக்கு வராதேன்னு சொன்ன மார்க்கம் இது. அம்மையோட வான்னு சொல்லுமா?" என்றார். வெங்காயத்திலிருந்து அம்மைக்கு ஒரு சட்டம் நடந்து வருகிறதே, அதை யோசித்துக்கொண்டே கடைசி இரண்டு குழல்களையும் உடைத்தேன். குழல்கள் ஐஸில்தான் இருந்தன. கோபு சாரிடம் நானே, "மீந்ததைத் தினமும் திருப்பித் தருவேன், சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

உன் உறையை இஸ்திரி போட்டபோது மாமி பார்த்துவிட்டார். "ஏண்டிம்மா, கடுதாசிக்கு இஸ்திரி போடறே? அது என்ன தேருக்குக் கட்டிண்டு போறதா?" என்றார். சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை இன்னொரு தரம் அழுத்தச் சொன்னார். பிறகு, "எங்காத்துலயும் மடின்னு சொல்றோம். ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. அவாளுக்கு ஏன்னு தெரியறதே" என்றார். மறுநாள் தன் பேரன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார வைத்தார். இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்த கை.

உங்கள் சந்தில் விசாரித்து, புகார் இருந்தால் எழுதி வாங்கி வரும்படி எங்கள் அதிகாரிக்கு மேலிடத்து உத்தரவு. புகார் வந்தால் வேலை போகும். என் அப்பாவுக்கு நான் டாக்டருக்கு அடுத்தபடி என்று எண்ணம். ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இன்னும் எழுதவில்லை. நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கள். எனக்காக ஒன்றையும் குறைக்க வேண்டாம்.

அக்கா எப்படி இருக்கிறார்?

வெள்ளை


பாலக்கரை,
28-2-1963

வெள்ளை,

இஸ்திரி போட்டாயா? போட்டுவிட்டு வாசி.

பெருநாள் போனது முந்தாநாள். இப்படி ஒரு பெருநாளை இந்தச் சந்து பார்த்ததில்லை. வீட்டுக்கு வீடு வாசலுக்குள்ளேயே நின்று தொழுதோம். யாரும் யாரையும் கட்டிப் பிடிக்கவில்லை. மாடி ஜன்னலிலிருந்து எதிர்வீட்டு மாடிக்கு முபாரக் சொன்னோம். வெளியூர் போக மூட்டை கட்டினவர்கள் எல்லாம் மூட்டையை அவிழ்த்தார்கள்.

இனி முக்கியமான சேதி. உன்னைத் திட்டாத வீடு இல்லை. என் கை தோளிலிருந்து கழன்று விழும் போலிருக்கிறது. எதிர்வீட்டுப் பெரியம்மா பெருநாள் பிரியாணியை இடது கையால் சட்டியைப் பிடித்துக்கொண்டு கிளற முடியாமல், "அந்தப் பாவி நல்லா இருப்பாளா" என்று ஜன்னல் வழியே கத்தினாள். மூன்றாவது வீட்டில் அக்குளில் நெறி கட்டி ஒரே அழுகை. "முந்தி வந்தப்ப பூ மாதிரி கீறுனா, இப்ப என்ன கோவமோ" என்கிறார்கள். நான் சந்து முழுக்க ஜன்னல் ஜன்னலாகக் கேட்டு எண்ணினேன். முப்பத்து மூன்று கை, முப்பத்து மூன்றும் வீங்கியிருக்கின்றன. ஒவ்வொரு திட்டுக்கும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு வந்தேன். போன தடவை கேட்ட துஆவைவிட இந்தத் திட்டுதான் எனக்குப் பெரிது.

முப்பத்து நான்காவது ஜெய்புன் மச்சி. பிழைத்துவிடுவாள் என்று அம்மா சொல்கிறாள். மற்றது பிறகு எழுதுகிறேன்.

கமர்


பாலக்கரை,
17-3-1963

அன்புள்ள வெள்ளை,

கயிற்றை நேற்று அவிழ்த்தோம். மச்சிக்குக் கடைசிப் பொருக்கும் உதிர்ந்துவிட்டது. இந்தச் சந்தில் அவளுக்குப் பிறகு ஒருவருக்கும் வரவில்லை.

இனி எழுதாமல் வைத்திருந்ததை எழுதுகிறேன். அவளுக்கு இடது கண் போய்விட்டது. கருவிழிமேல் பால் படிந்த மாதிரி வெள்ளை. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அவளுக்கு இருபத்து மூன்று வயசு.

உன் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், தரையைப் பார்த்துத்தான் பேசினார். மச்சிதான் முதலில் புகார் கொடுக்க உரிமையுள்ளவள் என்று காகிதத்தையும் மையையும் அவள் பக்கம் தள்ளினார். அவள் படுதாவுக்கு உள்ளேயிருந்து கேட்டாள்.

"இதுல ரேகை வெச்சா என்ன ஆகும்?"

"அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்மா."

"போனா என் கண்ணு திரும்பி வருமா?"

"வராது."

"அப்ப அந்தச் சந்துமுனையில நாளைக்கு எவ வந்து நிப்பா? பகல்ல வரணுமா ராத்திரி வரணுமான்னு தெரியாத இன்னொருத்தி. இவளுக்காவது இப்பத் தெரியும். மையை எடுத்துட்டுப் போங்க."

அவர் போன பிறகு நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தீங்குக்குத் தீங்கு கூடாது என்று நான் நூலில் வாசித்ததை இவள் வாசிக்காமலே சொல்லிவிட்டாளே என்று எனக்குப் பெருமை. உடனே கையை உதறிவிட்டாள்.

"நான் மன்னிச்சுட்டேன்னு உன் சேத்தாளிக்கு எழுதிடாதே. மன்னிக்கல. அவ கடுதாசில எழுதுனா உனக்கு எழுதுறா, அதிகாரிகிட்ட அவ வேலைக்காகச் சொன்னா. எங்கிட்ட என்ன சொன்னா?"

அவள் சொல்வதும் சட்டம்தான், வெள்ளை. படைத்தவனுக்குச் செய்த பிழைக்கு அவனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். மனிதருக்குச் செய்த பிழைக்கு அந்த மனிதரிடம்தான் கேட்க வேண்டும். நடுவில் நான் நிற்க முடியாது. காகிதமும் நிற்க முடியாது. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. ஜாக்கெட் துணியை வெளியே எடுத்தாளா என்று பார்த்தேன், எடுக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சந்துமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகாதே.

கமர்


ஸ்ரீரங்கம்,
19-3-1963

கமர்,

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வருகிறேன். பெருநாளைக்குப் பிறகும் சிலர் விட்டுப்போன நோன்பைப் பிடிப்பார்கள் என்று நீ ஒருமுறை சொன்ன ஞாபகம். அக்கா அன்று நோன்பா, அந்த நேரத்தில் வந்தால் பேசுவாரா, படுத்திருப்பாரா என்று கேட்டு எழுது.

இல்லை, எழுத வேண்டாம். வந்து கதவைத் தட்டி நானே கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளையம்மாள்